பஸ் ஜன்னலில் கிடைத்த பெயர்கள்

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னோடு சண்டை போட்டார். சண்டைக்குக் காரணம் ஒரு காலிக் கட்டம்.

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் அந்த ஊர்ப் பேரூராட்சி அலுவலகத்தில் நான் தற்காலிக எழுத்தர். பிறப்பு இறப்புப் பதிவேடு என் பொறுப்பு. அலுவலகத்துக்குப் பின்னால் ஆறு கட்டில் போட்ட பிரசவ விடுதி ஒன்று இருந்தது. அங்கே மாற்றலாகி வந்த நர்ஸ் அவர். நாற்பதைத் தாண்டிய வயது. எனக்கு இருபத்தாறு. ஊரில் எல்லாரும் அவரை நர்ஸம்மா என்பார்கள், நான் அக்கா என்பேன். அவருடைய பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. பெயர் விஷயத்தில் நான் அவருக்குச் செய்தது போதும்.

விடுதியில் குழந்தை பிறந்தால் ஆயா சாயங்காலம் ஒரு சீட்டு கொண்டுவருவார். அப்பா பெயர், அம்மா பெயர், ஆணா பெண்ணா, பிறந்த நேரம். அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவேன். குழந்தையின் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு, அதைக் காலியாக விடுவேன். பெயர் வைத்த பிறகு வந்து சொன்னால் எழுதிக்கொள்ளலாம் என்பது நடைமுறை. ஆண் பிள்ளை என்றால் தாய்மாமனோ தாத்தாவோ வந்து சொல்லிவிடுவார்கள். பெண் பிள்ளைக்கு அநேகமாக யாரும் வரமாட்டார்கள். பக்கம் பக்கமாக அந்தக் கட்டங்கள் வெள்ளையாகக் கிடக்கும்.

அன்றைக்கு ஆயாவின் சீட்டு வந்து அரை மணி நேரம் கழித்து அவரே வந்தார். கையில் கிழித்த தாளில் ஒரு வார்த்தை.

"தம்பி, காலையில பொறந்த பொண்ணுக்குப் பேரு. எழுதிக்கங்க."

பார்த்தேன். மருக்கொழுந்து என்று எழுதியிருந்தது.

"இது என்னக்கா பேரு? பூக்கடையில விக்கிறது."

"ஏன், வாசமா இல்லையா?"

"வீட்டுல வச்ச பேரா?"

"நான் வச்சேன். அவங்க அம்மாவும் அம்மாச்சியும் சரின்னுட்டாங்க."

"முப்பதாம் நாள் அவங்களே வேற பேரு வைப்பாங்கக்கா. அப்புறம் அடிச்சுத் திருத்தணும். பொறவு எழுதிக்கலாம்."

"பையனுக்குப் பொறவு எழுதுங்க. பொண்ணுக்கு இன்னைக்கே எழுதுங்க."

சட்டத்தில் அப்படி இல்லை என்றேன். இன்றைக்கே எழுதக்கூடாது என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றார். என்னால் காட்ட முடியவில்லை. எரிச்சலோடு எழுதினேன். எழுதி முடிக்கும்வரை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, தலைகீழாகவே வாசித்து, கொம்பு போட்டிருக்கிறேனா என்று சரிபார்த்துவிட்டுத்தான் போனார்.

அவரும் நானும் பழங்காநத்தத்தில்தான் குடியிருந்தோம். காலை ஏழே காலுக்கு ஒரே பஸ். இடது பக்கம் மூன்றாவது ஜன்னல் அவருடையது. ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பசுமலை தாண்டியதும் வெளியே பார்க்க ஆரம்பிப்பார். வேடிக்கை பார்ப்பவர் பார்வை மாதிரி இருக்காது. கடையில் சாமான் பொறுக்குகிற பார்வை. அவர் மதுரை டவுனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். செடி கொடி ஒன்றும் தெரியாது. பக்கத்தில் உட்காருகிற யாரையும் விடமாட்டார்.

"ஏண்ணே, அந்த மஞ்சப் பூவு என்னது?"

"அதுவா, ஆவாரை."

"மழையே இல்லையே, எப்படிப் பூக்குது?"

"அதுக்கு எதுக்குத்தா மழை? காஞ்ச காட்டுலதான் அது நல்லாப் பூக்கும்."

இவ்வளவு போதும் அவருக்கு. அன்று பெண் பிறந்தால் பெயரும் ரெடி, அர்த்தமும் ரெடி. தாயின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து விளக்கமாகச் சொல்வார். கண்மாயில் அல்லி பூத்த நாளில் பிறந்தவள் அல்லி. "தண்ணி ஏற ஏறத் தண்டும் ஏறும்மா. முங்கவே முங்காது." விடியற்காலை பிறந்தவள் விடிவெள்ளி. "சூரியன் வர்றதுக்கு முன்னாடியே வந்துருதுல்ல, அந்த நச்சத்திரம்." அப்புறம் தூறல், மைனா, முகில். அர்த்தம் சொல்லாமல் ஒரு பெயரையும் அவர் கொடுத்ததில்லை.

ஒரே ஒரு தடவை தவறிவிட்டது. சித்திரை மாதம். திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு மரம் முழுக்கச் சரம் சரமாகக் கொன்றை. அன்று பிறந்த பெண்ணுக்கு அதையே வைத்தார். வராந்தாவில் பீடி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கொன்னையா? கொன்னுபுட்டேன்னு சொல்ற மாதிரியில்ல இருக்கு" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நர்ஸம்மா சிரிக்கவில்லை. கையில் இருந்த சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பொன்மலர் என்று எழுதி என்னிடம் கொடுத்தார். அதற்கப்புறம் எத்தனை சித்திரை வந்தும் அந்தப் பூவின் பெயர் சீட்டில் வரவில்லை.

அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் அப்போது சில வீடுகளில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பெண் பிறந்தால் ஒரு வாரம் தங்காது. ஊருக்கே தெரியும், யாரும் பேசமாட்டார்கள். என் பதிவேட்டில் பிறப்பும் இறப்பும் நாலைந்து நாள் இடைவெளியில் என் கையெழுத்திலேயே இருக்கும். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்பேன், இழுப்பு என்பேன், பால் புரை ஏறியது என்பேன். அவர்கள் சொன்னதை எழுதுவது என் வேலை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் வாய்விட்டுப் பேசினார். பஸ் திருமங்கலத்தில் நின்றிருந்தபோது, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டா அப்புறம் கை வராது தம்பி. பொட்டப்புள்ள, பொட்டப்புள்ளன்னு சொல்லிக்கிட்டே இருக்கிற வரைக்கும்தான் வரும்."

அதனால்தான் சீட்டோடு அவர் நிறுத்தவில்லை. விடுதியை விட்டுக் கிளம்புமுன் தாய் அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். கூட வந்திருக்கிற மாமியார், நாத்தனார், வண்டி ஓட்டி வந்தவர் என்று யார் இருந்தாலும் கூப்பிட வைப்பார். வெட்கப்படுவார்கள், சிரிப்பார்கள், கடைசியில் கூப்பிடுவார்கள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பதினைந்தாம் நாளும் வீட்டுக்குப் போவார். போனால் தாயைக் கூப்பிட மாட்டார். தெருவில் நின்று குழந்தையைத்தான் கூப்பிடுவார். "ஏ தூறலு! தூறலு எங்கம்மா?" நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல். முதலில் ஊர் சிரித்தது. பிறகு அந்தத் தெருச் சிறுசுகள் அவருக்கு முன்னால் ஓடி, "தூறலைப் பாக்க நர்ஸம்மா வர்றாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பத்து நாள் வயதான பிள்ளையின் பெயர் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெரு முழுக்கப் பெயர் தெரிந்த பிள்ளையை இல்லாமல் ஆக்குவது லேசு இல்லை.

நல்லதும் நடந்தது. ஒரு வருஷம் ஐப்பசியிலும் மழை இல்லை. பருத்தி எல்லாம் காய்ந்து நிற்கிறது. அப்போது ஒரு வீட்டில் மூன்றாவது பெண். மழைச்செல்வி என்று வைத்தார். "வானத்தைப் பாருங்க, எங்கக்கா மழை?" என்று கேலி செய்தேன். "வரட்டும்னுதான்" என்றார். நாலாம் நாள் ராத்திரி தொடங்கிய மழை ரெண்டு நாள் விடவில்லை. அந்தப் பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கே வந்து, "எம்மக பேரு நோட்டுல ஏறியிருச்சான்னு பாக்கணும்" என்றார். நான் காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு எனக்கும் செயல் அலுவலரான ஈ.ஓ.வுக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். இதை நர்ஸம்மாவிடம் சொன்னபோது முகமெல்லாம் பூரித்துப்போனார். பஸ்ஸில் கண்டக்டரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் வாங்கினார்.

அவருடைய சொந்தக் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். கணவருக்கு ரயில்வேயில் வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர். பிள்ளை இல்லை. "பெத்திருந்தாத்தானே தெரியும்" என்று ஒரு கிழவி அவர் காதுபடவே சொன்னதுண்டு. அவர் அந்தக் கிழவியின் பேத்திக்கு வெந்நீர் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உரிமையோடு புத்தி சொல்வதெல்லாம் அவர் வழக்கமில்லை. கூடையில் இருக்கிற எலுமிச்சம்பழச் சாதத்தில் பாதியைத் தருவார். என் மனைவி முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது, தினமும் "இன்னைக்குச் சாப்பாடு தங்குச்சா?" என்று கேட்பார். பிள்ளை பெண்ணாக இருந்தால் பெயர் அவர்தான் வைக்க வேண்டும் என்று நான் அப்போதே சொல்லியிருந்தேன். "உங்க தெருவுல என்ன மரம் இருக்கு, பாத்து வைங்க" என்று சிரித்தார்.

இனிமேல் சொல்ல வேண்டியதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பாண்டியம்மா என்ற பெண்ணுக்கு நாலாவது பிரசவம். முதல் மூன்றும் பெண்கள். மூன்றாவதுதான் அல்லி. அவளுக்குப் பெயர் வைத்தது நர்ஸம்மா. ரெண்டு வயதில் கொழுகொழுவென்று ஓடித் திரிந்துகொண்டிருந்தாள். அதனால் அந்த வீட்டைப் பற்றி நர்ஸம்மாவுக்குப் பயம் இருக்கவில்லை. பாண்டியம்மாவுடைய புருஷனின் பெரியப்பா ஊரில் பருத்தி அரைக்கிற மில் வைத்திருந்தார். மில்லுக்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். எனக்கு இந்தத் தற்காலிக வேலையே அவர் சிபாரிசில் கிடைத்ததுதான்.

அன்று காலை பஸ் வரும்போது ரோட்டோரம் பூராவும் தும்பை. முந்தின வாரம் பெய்த மழைக்கு வெள்ளை வெளேரென்று கிடந்தது. மத்தியானம் ஒரு மணிக்குப் பாண்டியம்மாவுக்குப் பெண் பிறந்தது. ஆயா மூன்று மணிக்கே சீட்டுக் கொண்டுவந்துவிட்டார். நான் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பெயருக்காகக் காத்திருந்தேன். நாலு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று, நர்ஸம்மாவைக் காணோம். அன்று என் மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். பதிவேட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில். ஐந்து மணிக்குப் படியிறங்கும்போது அவர் வந்தார். முகம் சோர்ந்திருந்தது.

"தம்பி, தும்பைமலர். எழுதிட்டுப் போயிருங்க."

"பீரோ பூட்டியாச்சேக்கா. சாவி ஈ.ஓ. கையில போயிருச்சு."

"இன்னைக்கே எழுதணுமே தம்பி."

"நாளைக்கு வந்ததும் மொத வேலை அதான்."

சீட்டை என்னிடம் கொடுத்தார். அதில் பெயரோடு எடையும் எழுதியிருந்தது. மூன்று கிலோ, குழந்தை நலம். அவரைச் சமாதானப்படுத்துவதற்காகத் திரும்பிப் போய், மேசை மேல் இருந்த 'வரப்பெற்றது' சீலை எடுத்துத் தேதியோடு அதன் மேல் குத்தி, டிராயரில் வைத்தேன். என் பையில் இருந்த சாவி நடக்கும்போது குலுங்கியது. பஸ் வரைக்கும் கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலையில் வேறு வேலை வந்தது. அதற்கு மறுநாள் மறந்தே போனேன்.

மூன்றாம் நாள் ஒரு குழாய் இணைப்பு மனுவைப் பார்க்க அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். நர்ஸம்மா எதிர்ப்பக்கம் இருந்து வந்துகொண்டிருந்தார். பாண்டியம்மா வீட்டு வாசலில் நின்று வழக்கம்போலக் கூப்பிட்டார்.

"ஏ தும்பமலரு! தும்பமலரு என்ன பண்ணுது?"

தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். மாமியார் வெளியே வந்தார்.

"எதுக்குக் கத்துறீங்க? நேத்து வெள்ளென போயிருச்சு. பால் குடிக்கல, இழுத்துக்கிச்சு."

"மூணு கிலோ புள்ள. நான் கையில வாங்குனவ. எப்படிப் போகும்?"

"போயிருச்சுன்னா போயிருச்சு. பலவீனமாப் பொறந்துச்சு."

"எங்க பொதைச்சீங்க?"

"அது எதுக்கு ஒங்களுக்கு?"

உள்ளே இருட்டில் பாண்டியம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அல்லி அவள் முதுகு மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டார். போலீசுக்கு ஒன்று, மேலதிகாரிக்கு ஒன்று. குழந்தை ஆரோக்கியமாகப் பிறந்தது, பெயர் வைக்கப்பட்டது, சாவில் சந்தேகம் இருக்கிறது என்று. அந்த ஊரில் அதுவரை யாரும் அப்படி எழுதியதில்லை.

விசாரணைக்கு அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மில்லுக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிரட்டவில்லை, சத்தம்கூட உயர்த்தவில்லை.

"வேலை பெர்மனென்ட் ஆகுற ஃபைலு மதுரையில கெடக்காமுல்ல?"

"ஆமாண்ணே."

"நான் பாத்துக்கிறேன். வீட்டுல மாசமா இருக்காகளாம்ல?"

"ஏழு மாசம்ணே."

"நல்லது. அந்தப் புள்ள பலவீனமாப் பொறந்துச்சுப்பா. அதான் பேருகூட வைக்கல. நோட்டுலயும் பேரு இல்லைல்ல?"

"இல்லண்ணே."

"அம்புட்டுத்தான். இருக்கிறதச் சொல்லு."

அவர் போன பிறகு டிராயரைத் திறந்தேன். சீட்டு மேலாகவே கிடந்தது. அதைக் கிழிக்கும்படி யாரும் சொல்லவில்லை, மில்லுக்காரர் உட்பட. அப்படி ஒரு சீட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது. நானாகத்தான் கிழித்தேன். நாலாக, எட்டாக, பதினாறாக. சீல் குத்திய துண்டை மட்டும் இன்னும் ரெண்டாக.

மறுநாள் ஈ.ஓ. அறையில் விசாரணை. மாமியார், புருஷன், பாண்டியம்மா, நர்ஸம்மா, நான். பிறந்தபோதே பலவீனம், அதனால் பெயர் வைக்கவில்லை என்று மாமியார் சொன்னார். பாண்டியம்மா தலையைத் தூக்காமல், "பேரு வைக்கல" என்றாள். நர்ஸம்மா விடுதி நோட்டைக் காட்டினார். பெயரும் எடையும் அதில் இருந்தன.

"இது ஒங்க கையெழுத்தும்மா. எப்ப வேணும்னாலும் எழுதிக்கலாம்னு அவங்க சொல்றாங்க" என்றார் அதிகாரி.

"அன்னைக்கு சாயங்காலமே இந்தத் தம்பிகிட்டச் சீட்டுக் குடுத்தேன் சார். சீல்கூடக் குத்துனாரு. கேளுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். "வந்துச்சாப்பா?"

"ஆயா கொண்டாந்த சீட்டு வந்துச்சு சார்."

"அதுல பேரு இருந்துச்சா?"

"இல்ல சார்."

"வேற சீட்டு?"

"வேற எதுவும் வரல சார்."

நான் மேசை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நர்ஸம்மா கேட்பார், கத்துவார், சாவி விஷயத்தைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் விடுதி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். ஆதாரம் இல்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார், எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அதே பஸ்ஸில்தான் வந்தோம். அவர் அதே ஜன்னலோரம். பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் நான் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவர் வெளியே பார்ப்பதை விட்டுவிட்டார். கூடையின் கைப்பிடியைப் பார்த்தபடி வருவார். அந்த மாதத்தில் மூன்று பெண் பிள்ளைகள் பிறந்தன. சீட்டை ஆயாவிடமே கொடுத்தனுப்பினார். மூன்றிலும் மீனாட்சி என்றே எழுதியிருந்தது. மூன்றையும் வந்த நிமிடமே எழுதினேன்.

பிறகு அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மேலூரைத் தாண்டி ஒரு கிராமம். பழங்காநத்தம் வீட்டையும் காலி செய்துகொண்டு போய்விட்டார். எனக்கு வேலை நிரந்தரமானது. பெண் பிறந்தாள். பெயர் கேட்டு அவர் முன்னால் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. என் அம்மா பெயரையே வைத்தோம்.

ரெண்டு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் பாண்டியம்மா அலுவலகத்துக்குத் தனியாக வந்தாள். இடுப்பில் ஒரு பையன், ஏழெட்டு மாதம் இருக்கும். அவன் பிறந்த அன்றைக்கே அவர்கள் வீட்டிலிருந்து ஆள் விட்டுப் பெயர் சொல்லி எழுத வைத்திருந்தார்கள். ஏதாவது சர்டிபிகேட் கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேசைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"இவனுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சுல்ல."

நான் பேனாவை மூடிவைத்தேன்.

"தும்பமலருன்னு நர்ஸம்மா பேரு வச்சாகளே. அது நோட்டுல இருக்கா? பாக்கணும்."

பழைய பதிவேட்டை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தைத் திருப்பி அவள் பெயரையும் புருஷன் பெயரையும் விரலால் காட்டினேன்.

"அதுக்குப் பேரு எங்க?"

"இந்தா, இந்த வரிதான்" என்றேன், விரலைப் பொதுவாக ஓட்டியபடி.

அவள் குனிந்து பார்த்தாள். பையன் காகிதத்தைப் பிடிக்கக் கையை நீட்டினான். அவன் கையை மெதுவாக விலக்கிவிட்டு, சரியாக அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"படிக்கத் தெரியாட்டியும் எழுதாத எடம் தெரியுமுல்ல தம்பி."

அப்புறம் அவள் போய்விட்டாள். அழவில்லை, ஏசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மேலூர் பஸ் ஏறினேன்.

அவர் இருந்த பிரசவ விடுதி ஓடு போட்ட ரெண்டு அறை. வாசலில் ஒரு பெஞ்சு. உள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மெலிந்திருந்தார், காதோரம் நரை கூடியிருந்தது. என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"அந்தச் சீட்டை நான்தான்க்கா கிழிச்சேன்" என்றேன். வழியெல்லாம் வேறு எப்படியெல்லாமோ தொடங்க நினைத்திருந்தேன்.

"தெரியும். பேப்பர் வெயிட்டைப் பாத்துக்கிட்டே பேசுனீங்கள்ல, அப்பவே தெரியும்."

"சாவியும் அன்னைக்கு என் பையிலதான் இருந்துச்சு."

"அதுவும் தெரியும். படியிறங்கறப்பச் சத்தம் கேட்டுச்சே."

நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு பாண்டியம்மா வந்ததைச் சொன்னேன். அவர் முகம் அப்போதுதான் மாறியது.

"பேரைக் கேட்டாளா? நீங்க சொன்னீங்களா, அவளே சொன்னாளா?"

"அவங்களே சொன்னாங்க. தும்பமலருன்னு. நோட்டுல பாக்கணும்னாங்க."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு நான் ஏன் லேட்டா வந்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே தம்பி" என்றார். "ரெண்டு மணியில இருந்து அவ பக்கத்துலதான் இருந்தேன். ஒரு தடவை கூப்பிடும்மா, ஒரே ஒரு தடவைன்னு. வாயே தெறக்கல. மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. அப்பவே நான் புரிஞ்சிருக்கணும். அல்லியத்தான் நல்லா வளக்குறாளேன்னு நம்பி, மறுநாளே புள்ளையத் தூக்கி நானே அவ கையில குடுத்து வீட்டுக்கு அனுப்புனேன். நீங்க அன்னைக்கே எழுதியிருந்தாலும் புள்ள இருந்திருக்குமான்னு எனக்குத் தெரியாது. அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிறாது."

"இல்லக்கா."

உள்ளே ஒரு குழந்தை அழுதது. யாரோ சமாதானப்படுத்தினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அன்னைக்கு வாய் தெறக்காதவ, இப்பக் கூப்பிடுறா பாருங்க" என்றார்.

நான் பக்கத்திலேயே நின்றேன். என்னை அவர் உட்காரச் சொல்லவில்லை.